அமெரிக்காவில் தனிநபர் விமானப் பறத்தல் விதிகளின் சீர்திருத்தம்

கூலிக்காக அல்லாமல் சொந்தப் பயணத்துக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ சிறு விமானம் ஓட்டுவோருக்கான விதிகள் ஐக்கிய அமெரிக்காவில் 1990-களிலிருந்து படிப்படியாகத் திருத்தப்பட்டு வருகின்றன. உற்பத்தியாளரின் சட்டப் பொறுப்பு, விமானியின் உடற்தகுதிச் சான்று, விமானத்துக்கும் அதில் பொருத்தும் கருவிகளுக்கும் தரப்படும் ஒப்புதல் ஆகியவை இத்திருத்தங்களின் முக்கியப் பொருள்கள். விதிகளை வகுத்து நடைமுறைப்படுத்தும் அமைப்பு கூட்டரசு வான்போக்குவரத்து நிருவாகம் (சுருக்கமாக எஃப்.ஏ.ஏ.). ஆனால் முக்கியமான மாற்றங்களில் பல அதன் விருப்பத்தால் வந்தவை அல்ல. நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் கட்டாயப்படுத்தியதால் வந்தவை.

இச்சீர்திருத்தத்தைக் கட்டுப்பாட்டை விரும்புவோருக்கும் வெறுப்போருக்கும் இடையிலான இழுபறியாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். நூற்றுக்கணக்கானோரைச் சுமக்கும் பயணிகள் விமானத்தை மனத்தில் வைத்து வளர்ந்த ஒப்புதல் முறைகள் நான்கு இருக்கைச் சிறு விமானத்தின் மீதும் படிந்தன. அவற்றின் செலவு தாங்காமல் புதிய விமானங்களும் புதிய பாதுகாப்புக் கருவிகளும் சந்தைக்கு வருவது நின்றுபோனது. விமானிகள் தம் தந்தையர் காலத்து விமானங்களையே, தந்தையர் காலத்துக் கருவிகளோடு ஓட்டினர். பாதுகாப்புக்காக எழுதிய விதியே பாதுகாப்புக்குத் தடையாக நின்றது என்பதுதான் சீர்திருத்தம் கேட்டவர்களின் வலுவான வாதம்.

உற்பத்தியின் சரிவும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும்

1978-ல் அமெரிக்க நிறுவனங்கள் 17,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்களை விற்றன. 1994-ல் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. எரிபொருள் விலை, வட்டி விகிதம், பழைய விமானங்களின் மிகுதி எனக் காரணங்கள் பல இருந்தாலும், உற்பத்தியாளர்கள் முதலில் சுட்டியது இழப்பீட்டு வழக்குகளைத்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன் விற்ற விமானம் விழுந்தாலும் அதைச் செய்த நிறுவனம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. இதற்கான காப்பீட்டுச் செலவு ஒவ்வொரு புதிய விமானத்தின் விலையிலும் ஏறியது. செஸ்னா நிறுவனம் 1986-ல் பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் செய்வதை நிறுத்திக்கொண்டது. பைப்பர் நிறுவனம் 1991-ல் திவால் பாதுகாப்பு கோரியது.

1994 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் கையொப்பமிட்ட பொது வான்பறப்பு மறுமலர்ச்சிச் சட்டம், இருபதுக்கும் குறைவான இருக்கைகள் கொண்ட, அட்டவணைப்படிப் பயணிகளை ஏற்றிச் செல்லாத விமானங்களுக்கு ஒரு வரம்பு வகுத்தது. விமானம் விற்கப்பட்டு 18 ஆண்டுகள் கடந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, அதன் உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடர முடியாது. செஸ்னா தன் வாக்குப்படி கன்சாஸ் மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் புதிய ஆலை அமைத்து உற்பத்தியை மீண்டும் தொடங்கியது. இருந்தும் 1970-களின் அளவுக்கு உற்பத்தி இன்றுவரை திரும்பவில்லை. வழக்குச் செலவு தடைகளில் ஒன்று மட்டுமே என்பது இதனால் தெளிவானது. விபத்தில் உறவினரை இழந்தவர்களின் வழக்குரிமையைக் குறைத்துத்தான் இந்த மாற்றம் வந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

உடற்தகுதிச் சான்றும் மறைக்கப்பட்ட நோய்களும்

அமெரிக்காவில் தனி விமானி ஒருவர் பறக்க மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவர் ஒருவர் சோதித்து இதை வழங்குவார். நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஐந்து ஆண்டுகளும் மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் இது செல்லும். இதயநோய், நீரிழிவு, மனச்சோர்வு போன்றவை இருந்தால் கோப்பு ஓக்லஹோமா நகரில் உள்ள எஃப்.ஏ.ஏ. மருத்துவப் பிரிவுக்குப் போகும். கூடுதல் சோதனைகள், மீண்டும் கடிதங்கள் என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பதாக விமானிகள் நெடுங்காலம் குறைகூறி வந்தனர். மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்பவர் பறக்கவே கூடாது என்ற நிலை 2010 வரை இருந்தது. அந்த ஆண்டுதான் நான்கு மருந்துகளுக்கு மட்டும் நிபந்தனையுடன் விலக்கு தரப்பட்டது.

இத்தகைய முறை எதைத் தூண்டும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2000-களின் தொடக்கத்தில் போக்குவரத்துத் துறையின் புலனாய்வாளர்கள் வட கலிபோர்னியாவைச் சேர்ந்த சுமார் 45,000 விமானிகளின் பட்டியலைச் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் உதவித்தொகைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஓர் அரசு அலுவலகத்தில் உழைக்க முடியாத அளவுக்கு நோய் என்று சொல்லி உதவித்தொகை பெற்ற சிலர், மற்றோர் அலுவலகத்தில் நோயே இல்லை என்று எழுதிக் கொடுத்துப் பறந்து கொண்டிருந்தனர். சிலர் மீது குற்ற வழக்குப் பதிவானது. அவர்களுள் எச்.ஐ.வி. தொற்றை மறைத்த விமானி ஒருவர், தம் மருத்துவத் தகவலை ஒரு துறை மற்றொன்றுக்குக் கொடுத்தது தனியுரிமைச் சட்டத்துக்கு முரண் என்று எதிர்வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மன உளைச்சலுக்கு மட்டும் அச்சட்டத்தின் கீழ் அரசிடம் இழப்பீடு பெற இயலாது என்று 2012-ல் தீர்ப்பானது.

இந்த நிகழ்வை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டன. மனிதர்கள் பொய் சொல்வார்கள், எனவே சோதனை கடுமையாக இருக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. சோதனையின் கடுமைதான் பொய் சொல்ல வைக்கிறது, மருத்துவரிடம் போகவே அஞ்சும் விமானி நோயோடு பறப்பார் என்றது மறு தரப்பு. இரண்டும் உண்மையாக இருக்கக் கூடியவையே.

2004: ஓட்டுநர் உரிமம் போதும்

2004 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘ஸ்போர்ட் பைலட்’ விதி முதல் பெரிய தளர்வு. தனி விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணிநேரப் பயிற்சி வேண்டும். இதற்கு 20 மணிநேரம் போதும். மருத்துவச் சான்றுக்குப் பதிலாகக் கார் ஓட்டுநர் உரிமமே உடற்தகுதிக்குச் சான்றாக ஏற்கப்பட்டது. பகலில் மட்டும், ஒரே ஒரு பயணியுடன், அதற்கென வரையறுத்த இலகுரக விமானத்தில் மட்டும் பறக்கலாம். அந்த விமானம் 1,320 பவுண்டு (ஏறத்தாழ 600 கிலோ) எடைக்கும் இரண்டு இருக்கைகளுக்கும் மேற்படக் கூடாது. வேகம் 120 நாட் வரை. மடக்கும் சக்கரங்கள் கூடாது. இவ்வகை விமானங்களுக்கு அரசின் முழு வகைச் சான்று தேவையில்லை, தொழில்துறையினர் ஏ.எஸ்.டி.எம். தர அமைப்பின் வழி உடன்பட்டு வகுத்த தரங்களுக்கு இணங்கியது என்று உற்பத்தியாளரே உறுதிமொழி தரலாம்.

விதியில் ஒரு விந்தையான முடிச்சு இருந்தது. கடைசியாக மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் பறக்க முடியாது. அதே நோய் உள்ள மற்றொருவர் விண்ணப்பிக்காமலே சான்றைக் காலாவதியாக விட்டிருந்தால், தாம் பறக்கத் தக்கவர் என்று தாமே நம்பும் வரையில், பறக்கலாம். நேர்மையாகக் கேட்டவர் தரையில் நின்றார். கேட்காமல் இருந்தவர் வானில் இருந்தார். வயதான விமானிகள் சான்று காலாவதியாவதற்கு முன்பே ‘மறுபடி கேட்காதே’ என்று ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்லும் நிலையை இவ்விதி உருவாக்கியது.

எடை வரம்பும் எதிர்பாராத விளைவுகளைத் தந்தது. பல தலைமுறை விமானிகள் பயிற்சி பெற்ற செஸ்னா 150 விமானத்தின் எடை 1,600 பவுண்டு. எனவே அது வரம்புக்கு வெளியே. 1938-ல் அறிமுகமான பைப்பர் கப் 1,220 பவுண்டு, அது உள்ளே. பழகிய, உறுதியான விமானம் விலக்கப்பட்டு, காற்றடித்தால் எளிதில் அலையும் இலகு விமானம் அனுமதிக்கப்பட்டது. இந்தச் சந்தைக்காகவே செஸ்னா 2007-ல் அறிவித்துச் சீனாவின் ஷென்யாங்கில் செய்வித்த ‘ஸ்கைகேட்சர்’ இருநூறு கூட விற்கவில்லை, 2013-ல் கைவிடப்பட்டது. விற்காமல் எஞ்சியவை பின்னர் உடைக்கப்பட்டன.

இன்ஹோஃபும் ‘பேசிக்மெட்’டும்

அடுத்த மாற்றத்தின் முன்னணியில் நின்றவர் ஓக்லஹோமாவின் செனட் உறுப்பினர் ஜிம் இன்ஹோஃப். அவரே நெடுங்கால விமானி. 2010 அக்டோபரில், டெக்சாஸ் மாநிலத்தின் சிறு விமான நிலையம் ஒன்றில், பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டுப் பெரிய குறுக்குக் குறியும் இடப்பட்டிருந்த ஓடுதளத்தில் அவர் தம் செஸ்னாவை இறக்கினார். தொழிலாளர்கள் ஓடுதளத்தில் இருந்தனர், யாருக்கும் காயமில்லை. எஃப்.ஏ.ஏ. அவரை மறுபயிற்சி பெற வைத்தது. தம்மை விசாரித்த முறை நியாயமற்றது என்று கருதிய இன்ஹோஃப், விமானிகளின் உரிமைகள் என்ற பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். விசாரணை ஆவணங்களைப் பார்க்கவும் கூட்டரசு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவும் விமானிக்கு வழிசெய்த அச்சட்டம் 2012 ஆகஸ்டில் நிறைவேறியது. தவறு செய்தவர் விதியைத் திருத்துகிறார் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆவணத்தைக் காட்டாத நடைமுறை, அதைச் சுட்டிக்காட்டியவர் யார் என்பதால் சரியாகிவிடாது.

அதே 2012-ல், விமான உரிமையாளர்–விமானிகள் சங்கமும் (ஏ.ஓ.பி.ஏ.) சோதனை விமானச் சங்கமும் (இ.ஏ.ஏ.) சேர்ந்து மருத்துவச் சான்றிலிருந்து விலக்குக் கேட்டு எஃப்.ஏ.ஏ.யிடம் மனு அளித்தன. மனு நகரவில்லை. எனவே இரு சங்கங்களும் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டின. 2013 நவம்பரில் இன்ஹோஃபின் மகன் சிறு விமானம் ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் இன்ஹோஃபுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதன் பிறகும் மருத்துவச் சான்றுச் சீர்திருத்தத்தை அவர் விடவில்லை. பயணிகள் விமானங்களை ஓட்டுவோரின் பெரிய தொழிற்சங்கம் இதை எதிர்த்தது; ஒரே வானத்தைப் பகிரும் மற்ற விமானியின் உடல்நிலை தம் பயணிகளின் கவலையும்தான் என்பது அதன் நிலைப்பாடு.

2016 ஜூலையில் நிறைவேறி 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘பேசிக்மெட்’ ஒரு சமரசம். 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒருமுறையாவது மருத்துவச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதன்பின் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற எந்த மருத்துவரிடமும், குடும்ப மருத்துவரிடம்கூட, எஃப்.ஏ.ஏ. தந்த பட்டியலைக் கொண்டு சோதித்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இணையவழியில் ஒரு மருத்துவப் பாடத்தை முடிக்க வேண்டும். ஆறு பேர் வரை அமரும் 6,000 பவுண்டு விமானத்தை 18,000 அடி உயரத்துக்குள் ஓட்டலாம் என்ற வரம்பு, 2024-ல் ஏழு பேர், 12,500 பவுண்டு என உயர்த்தப்பட்டது. சில இதய, நரம்பு, மனநல நோய்களுக்கு மட்டும் ஒருமுறை எஃப்.ஏ.ஏ.யின் தனி அனுமதி பெற்றாக வேண்டும்.

நோயாளியைப் பல ஆண்டுகளாக அறிந்த மருத்துவர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கால்மணி நேரம் பார்ப்பவரைவிட நன்றாகக் கணிப்பார் என்பது இதன் அடிப்படை. பின்னர் எஃப்.ஏ.ஏ. நாடாளுமன்றத்துக்கு அளித்த ஆய்வறிக்கையில், பேசிக்மெட்டில் பறந்தவர்களுக்கும் மூன்றாம் வகுப்புச் சான்றில் பறந்தவர்களுக்கும் இடையே விபத்து அபாயத்தில் புள்ளிவிவர அளவிலான வேறுபாடு தென்படவில்லை.

கொட்டகையில் கட்டிய விமானத்தில் புதிய திரை

சிறு விமானங்களில் உயிரிழப்பு விபத்துகளுக்கு முதன்மைக் காரணம் எஞ்சின் நின்றுபோவது அன்று. விமானி கட்டுப்பாட்டை இழப்பது. பல சமயம் அது தரையிறங்கத் திரும்பும்போது நிகழ்கிறது. வேகம் குறைந்து, மூக்கு உயர்ந்து, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால் தூக்குவிசை குலைகிறது. விமானிகள் இதை ‘ஸ்டால்’ என்பர். அந்தக் கோணத்தை நேரடியாகக் காட்டும் கருவி போர் விமானங்களில் பல பத்தாண்டுகளாக உண்டு. சிறு விமானங்களில் அது அரிது. கருவியைச் செய்வது கடினமாக இருந்ததால் அல்ல. ஒப்புதல் பெறும் செலவு கருவியின் விலையைப் பன்மடங்கு ஆக்கியதால்.

சொந்தக் கொட்டகையில் தாமே கட்டும் விமானங்களுக்கு இந்த ஒப்புதல் தேவையில்லை. விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டியவர் தாமே என்று காட்டினால் ‘சோதனை வகை’ச் சான்று கிடைக்கும், கருவி எதையும் பொருத்தலாம். எனவே ஆசிரியர் ஒருவர் வார இறுதிகளில் கட்டிய விமானத்தில் மின்னணுத் திரை ஒளிர்ந்தது. அதே ஓடுதளத்தில் நிற்கும் ஆலையில் செய்த செஸ்னாவிலோ காற்றுப் பம்பால் சுழலும் பழைய கருவி இருந்தது. அந்தப் பம்பு மேகத்துக்குள் பழுதானால், அடிவானம் எங்கே என்று விமானிக்குத் தெரியாமல் போகும்.

இம்முரண்பாடு 2014-க்குப் பிறகே இளகத் தொடங்கியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் எஃப்.ஏ.ஏ. மேற்சொன்ன கோணம் காட்டும் கருவிக்கான ஒப்புதலை எளிதாக்கியது. 2016-ல் இ.ஏ.ஏ. சங்கம் தானே முன்னின்று, வீட்டில் கட்டும் விமானங்களுக்காகச் செய்யப்பட்ட டைனான் நிறுவனத்தின் சிறு திரைக்குச் செஸ்னா, பைப்பர் ரகங்கள் சிலவற்றில் பொருத்துவதற்கான அனுமதியைப் பெற்றது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பெரிய சட்டங்களைவிட இந்தச் சிறிய அனுமதிகள்தாம் சாதாரண விமானியின் கைக்கு உடனே எட்டியவை எனலாம்.

புதிய விமானங்களின் வடிவமைப்பு விதிகளும் (‘பகுதி 23’) இதே காலத்தில் மாறின. பழைய விதிகள் எதைச் சாதிக்க வேண்டும் என்பதோடு எப்படிச் சாதிக்க வேண்டும் என்பதையும் சொல்லின. 1998-ல் ஒப்புதல் பெற்ற சிர்ரஸ் எஸ்.ஆர்.20 விமானத்துக்கு, முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் உண்டு. சுழன்று விழுவதிலிருந்து மீள்வதற்கான வழக்கமான நிரூபணத்துக்கு ஈடாக அதை எஃப்.ஏ.ஏ. ஏற்றது. ஆனால் இப்படி ஒவ்வொரு புதுமையும் தனி விலக்காகவே நுழைய வேண்டியிருந்தது. 2013 நவம்பரில் நிறைவேறிய சட்டம் ஒன்று இவ்விதிகளைத் திருத்தி எழுதக் கெடு விதித்தது. 2017 ஆகஸ்டு 30 முதல் நடைமுறையான புதிய விதிகள் அடைய வேண்டிய பாதுகாப்பை மட்டும் சொல்லி, வழியைத் தொழில்துறைத் தரங்களுக்கு விட்டன.

யார் ஏற்கும் இடர்?

அமெரிக்கச் சிறு விமானங்களில் உயிரிழப்பு விபத்து விகிதம் ஒரு லட்சம் பறப்பு மணிக்கு ஏறத்தாழ ஒன்று. பயணிகள் விமானங்களோடு ஒப்பிட்டால் இது மிக மிக அதிகம். தளர்வை ஆதரிப்போர், இந்த இடரை விமானி அறிந்தே ஏற்கிறார் என்பர். மலையேறுபவரையோ மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரையோ அரசு ஆண்டுதோறும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. 1982 முதல் நடப்பிலுள்ள ‘பகுதி 103’ இந்தத் தத்துவத்தின் எல்லைக்கோடு: 254 பவுண்டுக்குக் குறைந்த வெற்று எடையுள்ள ஒற்றை இருக்கை விமானத்தை உரிமமோ மருத்துவச் சான்றோ இன்றி, மக்கள் நெருங்கி வாழும் இடங்களுக்கு மேலே போகாமல் ஓட்டலாம். பிரித்தானியா 2014-ல் ஒற்றை இருக்கை மைக்ரோலைட்டுகள் அனைத்தையும் விமானத் தகுதி விதிகளிலிருந்து விடுவித்தது. ஆனால் விமானி உரிமத்தை விடவில்லை. விழுந்தால் உள்ளே இருப்பவர் ஒருவரே என்பதுதான் இரு நாடுகளின் கணக்கும்.

பக்கத்து இருக்கையில் ஒருவர் அமர்ந்தவுடன் அக்கணக்கு மாறுகிறது. விமானியின் நண்பருக்கோ பேரனுக்கோ, பயணிகள் விமானத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தரையில் வாழ்வோரின் இடரோ வேறு வகை. பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் இன்னும் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடுகின்றன. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டம், ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தை அடுத்து வாழும் குழந்தைகளின் இரத்த ஈய அளவு பற்றிய ஆய்வுக்குப் பிறகு, தன் விமான நிலையங்களில் அந்த எரிபொருளின் விற்பனையை 2022 தொடக்கத்தில் நிறுத்தியது. சீர்திருத்தம் கேட்ட சங்கங்கள் மருத்துவச் சான்றில் காட்டிய அவசரத்தை இதில் காட்டவில்லை என்று சொல்வது மிகையாகாது.

மொசைக்

2025 ஜூலை 22 அன்று, ஆஷ்காஷ் நகரில் இ.ஏ.ஏ. ஆண்டுதோறும் நடத்தும் விமான விழாவில், போக்குவரத்துத் துறைச் செயலர் ஷான் டஃபி ‘மொசைக்’ எனப்படும் இறுதி விதியை அறிவித்தார். 2004 விதியின் எடை வரம்பு இதில் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் ஸ்டால் வேகம் அளவுகோலாக வந்தது. ஸ்போர்ட் பைலட் ஓட்டும் விமானம், இறக்கை மடிப்புகளை இறக்காத நிலையில், 59 நாட் வேகத்துக்குள் ஸ்டால் ஆக வேண்டும். முதல் வரைவில் இது 54 நாட்டாக இருந்தது. 2004 விதியில் 45.

எடையைவிட இது பொருத்தமான அளவுகோல். மெதுவாகப் பறக்க முடிந்த விமானம் மெதுவாகத் தரையைத் தொடும். வயலில் இறக்க நேர்ந்தாலும் பிழைக்க வாய்ப்பு அதிகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், அதே எடையில் 45 நாட்டிலிருந்து 59-க்குப் போவது ஆற்றலை ஏறத்தாழ 70 விழுக்காடு கூட்டுகிறது. வரம்பை எங்கே வைப்பது என்ற விவாதத்தின் உட்பொருள் இதுவே.

விமானிகளுக்கான பகுதி 2025 அக்டோபர் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. புதிய விமானங்களுக்கு ஒப்புதல் தரும் பகுதிக்கு 2026 ஜூலை 24 என நாள் குறிக்கப்பட்டது. கார் ஓட்டுநர் உரிமம் கொண்ட ஸ்போர்ட் பைலட் இனி செஸ்னா 150-ஐ ஓட்டலாம். 44,000-க்கு மேல் செய்யப்பட்ட நான்கு இருக்கைச் செஸ்னா 172-ஐயும் ஓட்டலாம். தகுந்த பயிற்சி பெற்று, பேசிக்மெட்டோ மருத்துவச் சான்றோ வைத்திருந்தால் இரவிலும் பறக்கலாம். ஆனால் ஒரு பயணியை மட்டுமே ஏற்றலாம் என்ற 2004-ஆம் ஆண்டு வரம்பு அப்படியே உள்ளது. பின்னிருக்கை இரண்டும் காலியாகத்தான் இருக்க வேண்டும்.